தலைக்காயக் கோமா: மணிக்கட்டா, கழுத்தா, மூளைக்குள்ளா?

தலையில் பலமாக அடிபட்டு நினைவு திரும்பாதவரை "கரன்ட் வச்சு எழுப்பலாமாமே" என்று யாராவது சொன்னால், அடிபட்டு எத்தனை நாள் ஆகிறது என்பதை முதலில் பாருங்கள். எந்த முறை பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

ஐசியு கட்டத்துக்கு என் ஓட்டு மணிக்கட்டுக்கு. வலது உள்மணிக்கட்டில் மின்பட்டை ஒட்டி, மீடியன் நரம்புக்கு விட்டுவிட்டு மின்சாரம் கொடுப்பார்கள். அந்தத் துடிப்பு தண்டுவடம் ஏறி, விழிப்பைக் காக்கும் மூளைத்தண்டைத் தட்டுகிறது. அறுவை சிகிச்சை தேவையில்லை. சீனாவில் 22 மருத்துவமனைகளில் 329 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2023இல் வந்தது. 6 மாதத்தில் தூண்டல் பெற்றவர்களில் 72.5% பேருக்கு நினைவு திரும்பியது, பெறாதவர்களில் 56.8%. அந்த இரண்டாவது எண் முக்கியம். பாதிக்கு மேற்பட்டோர் வழக்கமான சிகிச்சையிலேயே விழித்திருக்கிறார்கள். எனவே, "எங்க அப்பா இதுலதான் எழுந்தாரு" என்ற ஒருவர் கதையை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பில் கருவி பதிப்பது அடுத்தது. 15 ஆண்டு உணர்வற்றுக் கிடந்த 35 வயது பிரெஞ்சுக்காரர், ஒரு மாதத் தூண்டலுக்குப் பின் பொருளைக் கண்ணால் தொடர்ந்தார். சொன்னபோது தலையைத் திருப்பினார். இதை 2017இல் பிரான்சின் லியோன் நகர ஆய்வுக் குழு வெளியிட்டது. இத்தனை காலம் கழித்துத் தானாக மாறுவது அரிது என்பதால் இதை ஒதுக்க மாட்டேன். ஆனால் அவர் ஒரே ஒருவர், பேச்சு திரும்பவில்லை.

மண்டையோட்டைத் துளைத்து, மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸ் என்ற பகுதியில் மின்முனை வைப்பது கோமாவுக்கானதே அல்ல. 2007இல் அமெரிக்காவில் பலனடைந்தவருக்கு ஏற்கெனவே சிறிதளவு உணர்வு இருந்தது.

இவற்றோடு போட்டியிடும் மலிவான மாத்திரை ஒன்று உண்டு: அமன்டடின். அடிபட்டு 4 முதல் 16 வாரம் ஆன 184 பேரிடம் சோதித்தபோது, மருந்து கொடுத்த 4 வாரத்தில், அதைப் பெறாதவர்களைவிட முன்னேற்றம் வேகமாக இருந்தது. நிறுத்தியபின் இரு பிரிவினருக்கும் இடையிலான இடைவெளி குறைந்தது. அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2018 வழிகாட்டுதல் இதைப் பரிந்துரைக்கிறது. வலிப்பு வந்தவர் என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எதற்கும் சம்மதிக்கும் முன், உணர்வு நிலையை முறையான அளவுகோலால் சோதிக்கச் சொல்லுங்கள். முகத்துக்கு நேரே கண்ணாடியைக் காட்டி மெல்ல நகர்த்துவது அதில் ஒரு பகுதி. விரலைத் தொடராத கண், தன் முகத்தைத் தொடர்வதுண்டு. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், உணர்வே இல்லை என்று மருத்துவர்கள் முடிவுசெய்த 44 பேரில் 18 பேருக்கு இத்தகைய அளவுகோலால் சோதித்தபோது உணர்வு தெரிந்தது.