13 மீட்டர் கான்ஸ்டன்டைன்: வேலை முதல் தரம், வைத்த இடம்தான் யோசிக்க வைக்கிறது

ரோமில் கேபிட்டலைன் அருங்காட்சியகத்தின் முற்றத்தில் கிடக்கும், ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் அந்தப் பளிங்குத் தலையைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. தலை மட்டும் இரண்டரை மீட்டர். பாதம் இரண்டு மீட்டருக்கு மேல். பக்கத்தில் விரலை மேலே நீட்டிய ஒரு கை, முழங்கால், மேல்கையின் ஒரு பகுதி. எல்லாம் ஒரே ஆளுடையவை என்று பலகை சொல்கிறது, ஆனால் கண்ணால் அவற்றைச் சேர்த்துப் பார்க்க முடிவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2024 பிப்ரவரியில், அடுத்தாற்போல் இருக்கும் வில்லா கஃபாரெல்லி தோட்டத்தில், பேரரசர் கான்ஸ்டன்டைனின் முழு உருவத்தையும் 13 மீட்டர் உயரத்துக்குச் செய்து உட்கார வைத்தார்கள். செய்தவர்கள் மாட்ரிடைச் சேர்ந்த ஃபாக்டும் ஃபவுண்டேஷன். 2022இல் மிலானில் ஃபொண்டாட்ஸியோனே பிராடாவின் கண்காட்சிக்காக உருவான பிரதி இது.

தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. அசல் துண்டுகள் இருக்கும், அருங்காட்சியகக் கட்டிடங்களில் ஒன்றான பலாட்ஸோ தேய் கொன்செர்வாட்டோரியின் முற்றத்துக்கு அருங்காட்சியகச் சீட்டு வேண்டும். இலவசமாகக் கிடைப்பதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிப் பயன்தான். முதலில் முற்றம், பிறகு தோட்டம் என்ற வரிசையில் போங்கள். மாற்றிப் போனால் பிரதியின் பொன்னிறம் மனதில் உட்கார்ந்துகொண்டு, அசல் துண்டுகளை வெறும் உதிரிபாகங்களாக ஆக்கிவிடும்.

முற்றத்தில் கவனிக்க வேண்டியது எந்தெந்த உறுப்புகள் மிஞ்சியிருக்கின்றன என்பதை. தலை, கை, முழங்கால், பாதம் என்று எல்லாமே ஆடை மூடாத இடங்கள். இது தற்செயல் அல்ல. இவ்வளவு பெரிய சிலையை முழுக்கப் பளிங்கில் செதுக்கினால் செலவும் எடையும் தாங்காது. அதனால் தோல் தெரியும் இடங்களுக்கு மட்டும் பளிங்கு வைத்து, உள்கூட்டைச் செங்கல், மரம், உலோகக் கம்பி போன்றவற்றால் கட்டி, மேலே ஆடையைப் பொன் பூசிய வெண்கலத்தாலோ சுதையாலோ போர்த்துவார்கள். பிற்காலத்தில் உலோகத்தைக் கொள்ளையடித்தவர்கள் ஆடையைக் கொண்டுபோனார்கள். உருக்கி விற்க முடியாத உடம்பு மட்டும் இடிபாட்டுக்குள் கிடந்து, 1486இல், சிலை முதலில் இருந்த மாக்ஸென்டியஸ் பேரவை மண்டபத்தின் மேற்கு அரைவட்ட மாடத்தில் அகப்பட்டது.

முகத்தையும் கொஞ்சம் நின்று பாருங்கள். ஏற்கெனவே இருந்த வேறொரு சிலையைத் திருத்திச் செதுக்கியதற்கான அடையாளங்கள் அதில் உண்டு. பழைய உருவம் ரோமர்களின் தலைமைக் கடவுளான, தாடி வைத்த ஜூபிடராக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. இன்னொரு தரப்பு, முந்தைய பேரரசர் ஒருவரின் முகம் என்கிறது. கான்ஸ்டன்டைனோடு ஆட்சிக்குப் போட்டியிட்ட பேரரசர் மாக்ஸென்டியஸின் பெயரும் அடிபடுகிறது. மண்டபத்தைக் கட்டத் தொடங்கியவரே அவர்தான். 312 அக்டோபர் 28 அன்று மில்வியன் பாலத்துப் போரில் அவர் தோற்றுச் செத்ததும், கட்டி முடித்துப் பெயர் வாங்கியவர் கான்ஸ்டன்டைன். மண்டபமே கைமாறியதுதான், சிலையின் முகம் கைமாறியிருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இனி தோட்டத்துப் பிரதி. முற்றத்திலுள்ள துண்டுகளை ஃபோட்டோகிராமெட்ரி முறையில், அதாவது எல்லாக் கோணத்திலிருந்தும் படமெடுத்து, கணினியில் முப்பரிமாண வடிவமாக்கினார்கள். பின்பு உட்கார்ந்த உடல் ஒன்றின் மேல் அவற்றை அதனதன் இடத்தில் பொருத்தினார்கள். அந்த உடலுக்கு முன்மாதிரி ரோமிலேயே ஆரா பாசிஸ் அருங்காட்சியகத்தில் உள்ள, சுதையில் வார்த்த ஒரு சிலைப் பிரதி, பேரரசர் கிளாடியஸை ஜூபிடராகக் காட்டுவது. மேற்பரப்பு ரெசின், பாலியூரித்தேன், பளிங்குத் தூள், சுதை, தங்க ரேக் ஆகியவற்றால் ஆனது. உள்ளே அலுமினியச் சட்டகம், கழற்றி வேறிடம் கொண்டுபோய் மாட்டக்கூடியது.

அளவு சரியா என்று நீங்களே சோதிக்கலாம். மனித உடலில் பாதம் உயரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. பாதம் இரண்டு மீட்டர் என்றால் ஆள் எழுந்து நின்றால் 14 மீட்டர். உட்கார்ந்த நிலையில், இருக்கையையும் பீடத்தையும் சேர்த்து 12, 13 மீட்டர் என்பது மிகையான கணக்கு இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, அசலிலிருந்து பிரதியெடுத்த பகுதிகளையும் ஊகித்து நிரப்பிய பகுதிகளையும் பரப்பின் நிறத்திலேயே பிரித்துக் காட்டியிருக்கும் நேர்மை. நிரப்பிய சதை வெளிறித் தெரியும். நிதானமாகப் பார்த்தால் எவ்வளவு சான்று, எவ்வளவு ஊகம் என்று எடைபோட முடிகிறது. இதைச் செய்யாத பிரதிகள்தான் உலகில் அதிகம்.

ஆனால் அதே நேர்மை ஆடையில் இல்லை. வெண்கலமா சுதையா என்ற கேள்வி திறந்தே இருக்கும்போது, இங்கே பளபளக்கும் பொன் வெண்கலம் என்று முடிவாகிவிட்டது. பார்க்கிறவர்கள் முதலில் நம்புவது அந்தப் பொன்னைத்தான். வலக்கை விஷயமும் அப்படியே. இந்தச் சிலைக்கு உரியவையாகச் சிறு வேறுபாடுகளுடன் இரண்டு வலக்கைகள் கிடைத்திருக்கின்றன. செங்கோல் பிடித்த கையை எடுத்துவிட்டு, பின்னாளில் கிறிஸ்தவச் சின்னம் ஏந்திய கையை மாட்டினார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. ரோமில் கான்ஸ்டன்டைன் சிலையொன்றின் கையில் சிலுவை வடிவச் சின்னம் இருந்ததாக அவர் காலத்து ஆயர் யூசேபியஸ் எழுதியிருக்கிறார். பிரதியோ செங்கோலை வலக்கையிலும் உலக உருண்டையை இடக்கையிலும் கொடுத்து, ஜூபிடர் கட்டத்தோடு நின்றுவிடுகிறது. சிலையின் வரலாற்றில் சுவையான பாதி விடுபட்டுப் போகிறது.

இடத்தைப் பற்றி. தோட்டம் இருப்பது ஜூபிடரின் பெரிய கோயில் நின்ற குன்றின் பகுதியில். ஜூபிடரின் தோரணையில் அமர்ந்த அரசரைக் கொண்டுவந்து அந்தக் கடவுளின் வாசலிலேயே வைத்திருக்கிறார்கள். இந்தத் தோரணையின் மூதாதை, கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் சிற்பி ஃபிடியாஸ் செய்த ஜீயஸ், அதாவது ஜூபிடரின் கிரேக்க வடிவம். தந்தத்தாலும் பொன்னாலும் ஆன அதன் உயரமும் ஏறக்குறைய 12 மீட்டர். கடவுளுக்கென்று வகுத்த அளவை அரசர் எடுத்துக்கொண்டார் என்பது இந்தக் குன்றில் புரிவதுபோல் வேறெங்கும் புரியாது.

ஆனால் உருவத்தின் கனம் இங்கே குறைந்துவிடுகிறது. அசல் சிலை கூரைக்கு உள்ளே இருந்தது. 80 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 35 மீட்டர் உயரம் கொண்ட நடுக்கூடத்தில், சுவர் மூன்று பக்கமும் அணைத்த மாடத்துக்குள். அங்கே 13 மீட்டர் உருவம் மனிதனை நசுக்கும். இங்கே மேலே வானம், சுற்றிலும் மரங்கள். சிலை திடீரென்று சிறுத்துவிடுகிறது. கிட்டே போய் அண்ணாந்தால் முழங்கால் முகத்தை மறைக்கும். புல்வெளியில் முடிந்தவரை பின்வாங்கி, சற்றுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். உச்சி வெயிலில் தங்க ரேக் கண்ணைக் கூசவைத்து மடிப்புகளைத் தட்டையாக்கிவிடும். மாலைச் சாய்வெயிலில்தான் மேலங்கியின் மடிப்புகள் எழுந்து தெரியும். திறப்பு நேரத்தை அருங்காட்சியகத்தின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

ஒரு எச்சரிக்கை. அதே அருங்காட்சியகத்தின் உள்ளே கான்ஸ்டன்டைனின் வெண்கலத் தலையும் கையும் இருக்கின்றன. அது வேறு சிலை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருந்த விரல் 2018இல் அடையாளம் காணப்பட்டதும் பின்னர் பொருத்தப்பட்டதும் அந்த வெண்கலக் கைக்குத்தான். வழிகாட்டிகள்கூட இரண்டையும் குழப்புவது உண்டு.

நேரம் இருந்தால் குன்றடியில் உள்ள பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்துக்கு இறங்கிப் போய் மாக்ஸென்டியஸ் மண்டபத்தைப் பாருங்கள். அதற்குத் தனிச் சீட்டு. இன்று நிற்பது வடபுறத்து மூன்று வளைவுகள் மட்டுமே. அவையே அவ்வளவு உயரமென்றால் நடுக்கூடம் அவற்றையும் தாண்டி எழுந்தது. இடிந்துபோன மேற்கு மாடம் இருந்த பக்கமாக நின்று, தோட்டத்தில் பார்த்த உருவத்தை அங்கே வைத்து அளந்து பாருங்கள். பிரதி சரியான அளவில்தான் இருக்கிறது என்பது அப்போது விளங்கும்.