ஒயின் சேகரிப்பு: விற்பதற்கா, அருந்துவதற்கா?

ஒரே ஏலத்தில் ஒரே வகை ஒயினை ஆளுக்கொரு பெட்டி வாங்கும் இருவரில் ஒருவர் விற்பதற்காகவும் மற்றவர் அருந்துவதற்காகவும் வாங்கியிருந்தால், அடுத்த பத்தாண்டுகளில் அவர்கள் எடுக்க வேண்டிய முடிவுகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வேறுபடும்.

முதலில் தேர்வு. முதலீட்டாளருக்குத் தேவை சுவையைவிட, வாங்க ஆள் இருப்பது. ஆகவே அவருடைய உலகம் மிகக் குறுகியது: பிரான்சின் போர்தோ பகுதி ஒயின்களுக்கு 1855-இல் வகுக்கப்பட்ட தரவரிசையில் இடம்பெற்றவை, அவற்றிலும் குறிப்பாக லஃபீத், லதூர், மார்கோ, ஓ-பிரியோன், 1973-இல் முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்ட மூத்தோன் ஆகிய ஐந்து தோட்டங்களின் ஒயின்கள், பிரான்சின் மற்றொரு ஒயின் பகுதியான பர்கண்டியின் சில தோட்டங்கள், புகழ்பெற்ற ஷாம்பெயின், இத்தாலிய ஒயின்களில் சில. அருந்துபவருக்கு இந்த வேலி கிடையாது. ஜெர்மனியின் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், இத்தாலியின் பரோலோ என்ற சிவப்பு ஒயின், போர்ச்சுகலின் விண்டேஜ் போர்ட் என்ற இனிப்பு ஒயின் என இருபது, முப்பது ஆண்டுகள் முதிரக்கூடிய எத்தனையோ ஒயின்கள், மேற்சொன்ன ஐந்தின் விலையில் சிறு பகுதிக்கே கிடைக்கின்றன.

பாதுகாப்பில் இருவருக்கும் தேவை ஒன்றே: 12 அல்லது 13 டிகிரி செல்சியஸ் நிலையான வெப்பம், தக்கை உலராத அளவுக்கு ஈரப்பதம், இருள், அசைவின்மை. ஆனால் அருந்துபவருக்கு இது போதும். முதலீட்டாளரோ இப்படித்தான் வைத்திருந்தேன் என்று மெய்ப்பிக்கவும் வேண்டும். அதனால்தான் பிரிட்டனில் முதலீட்டு ஒயின்கள் பெரும்பாலும் சுங்கக் கட்டுப்பாட்டுக் கிடங்குகளிலேயே தங்கிவிடுகின்றன. அங்கிருந்து வெளியே எடுக்காதவரை தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் கட்ட வேண்டியதில்லை. கிடங்கின் பதிவேடே நற்சான்றாகவும் அமைகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் வரியும் சேரும், வாங்குபவருக்கு ஐயமும் எழும்.

அந்த ஐயம் நியாயமானது. ஏல நிறுவன வல்லுநர் ஒரு பழைய பாட்டிலைக் கையிலெடுத்தால் கழுத்துப் பகுதியில் ஒயின் எந்த மட்டத்தில் நிற்கிறது, மூடியுறை பழுதின்றி இருக்கிறதா, லேபிளின் தாளும் பசையும் அந்தக் காலத்துக்குப் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். 2008-இல் நியூயார்க் ஏலமொன்றுக்கு வந்த பர்கண்டியின் பொன்சோ தோட்டத்து க்ளோ சான்-தெனி என்ற ஒயின் பாட்டில்களில் 1945 போன்ற ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருந்தன. அத்தோட்டமோ அந்த ஒயினை 1980-களில்தான் தயாரிக்கத் தொடங்கியது. தோட்ட உரிமையாளரே நேரில் வந்து ஏலத்தைத் தடுத்தார். அவற்றை விற்பனைக்குக் கொடுத்த ரூடி குர்னியாவன் போலி ஒயின் வழக்கில் 2013-இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு, அடுத்த ஆண்டு பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். இத்தகைய அரிய பழைய பாட்டில்களில் விலையின் பெரும்பகுதி நம்பிக்கைக்கே கொடுக்கப்படுகிறது.

வருவாயைப் பொறுத்தவரை விளம்பரங்கள் உச்சங்களை மட்டுமே காட்டுகின்றன. 2018-இல் பர்கண்டியின் 1945-ஆம் ஆண்டு ரொமானே-கோந்தி ஒயின் பாட்டில் ஒன்று 5,58,000 டாலருக்கு ஏலம் போனது உண்மைதான்; ஆனால் அந்த ஆண்டில் தயாரானவையே சுமார் 600 பாட்டில்கள். சீன வாங்குபவர்களின் ஆர்வத்தால் 2011 வரை விறுவிறுவென ஏறிய லஃபீத் விலை, அதன்பின் கடுமையாகச் சரிந்தது. 2022-இன் பிற்பகுதியில் உச்சம் தொட்ட சந்தையும் அடுத்த இரண்டாண்டுகள் இறங்குமுகமாகவே இருந்தது. ஒயின் வட்டியோ ஈவுத்தொகையோ தருவதில்லை. கிடங்கு வாடகை, காப்பீடு, விற்பனைத் தரகு என்று செலவுகள் மட்டும் தவறாமல் வருகின்றன. பத்தாண்டுகள் தொடத் தேவைப்படாத பணம் இல்லாதவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அருந்துபவருக்கும் இழப்பு உண்டு. தக்கையிலிருந்து வரும் பூஞ்சை நாற்றம் ஒரு நல்ல பாட்டிலைப் பாழாக்கலாம். 1990-களின் நடுப்பகுதியிலிருந்து பல வெள்ளைப் பர்கண்டிகள் காலத்துக்கு முன்பே ஆக்சிஜனேற்றமடைந்து பழுப்பேறின. எனினும் ஒரே ஒயினில் ஆறு பாட்டில் வாங்கி, சில ஆண்டுகளுக்கொரு முறை ஒவ்வொன்றாகத் திறப்பவர், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு மெல்லக் கரைவதையும், பழ வாசனை போய்த் தோல், புகையிலை, ஈரமண் வாசனைகள் எழுவதையும் தாமே அறிகிறார். முதலீட்டாளருக்கு ஒருபோதும் வாய்க்காதது இதுதான். இதற்காகவே என் சாய்வு அருந்துபவர் பக்கம்.

இரண்டு பெட்டி வாங்கி, ஒன்றை விற்று மற்றதன் செலவை ஈட்டும் பழைய பிரிட்டிஷ் வழக்கத்தைப் பலர் நடுவழியாகச் சொல்கிறார்கள். பீப்பாயில் இருக்கும்போதே மலிவாக முன்பதிவு செய்ய முடிந்த காலத்தில் அது எளிதாகக் கைகூடியது. அண்மைக் காலத்திலோ, முன்பதிவு விலையைவிடக் குறைவாகவே பின்னர் சந்தையில் கிடைத்த ஆண்டுகள் பல. இவ்வழியில் செல்பவர் எந்தப் பெட்டி எதற்கு என்பதை வாங்கும் நாளிலேயே பிரித்துவிட வேண்டும். விற்பனைக்கான பன்னிரண்டு பாட்டில் மரப்பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துவிட்டால், எஞ்சிய பதினொன்றுக்கும் முழுப் பெட்டிக்குரிய மதிப்பு கிடைக்காது.