ஏணியா, ஒற்றைத் தண்டா, முக்கோணப் பின்னலா? திருகோணமலையில் முச்சில்லு வண்டிக்கு எந்தச் செசி

ஒரு 150 சிசி மோட்டார் சைக்கிளின் எஞ்சினையும் பின்சில்லையும் எடுத்து முச்சில்லு வண்டி கட்டுவதென்றால், செசிக்கு (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) முன்னமே சில்லு எப்படி நிற்கப்போகிறது என்பதைத் தீர்க்க வேண்டும். ஓட்டோபோல முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு இரண்டு வைப்பது சுமை ஏற்றத் தோதுதான். ஆனால் நிலாவெளி வீதியில் வளைவு திரும்பியதும் மாடு படுத்திருந்தால் பிறேக்கையும் பிடித்து, ஹாண்டிலையும் ஒடிக்க வேண்டிவரும். அப்போது பாரம் முன்னுக்கு, அந்த ஒற்றைச் சில்லுக்குப் பாய்கிறது. வண்டி கவிழப் பார்க்கும். முன்னால் இரண்டு சில்லு இருந்தால் அதே பாரம் அகலமான பக்கம் போய்ச் சேரும்.

அதற்காக முன்னால் இரண்டு வைத்தால் போதும் என்று இருந்துவிடவும் முடியாது. முன்சில்லுகளுக்கு இடையே 1200 மி.மீ., பாரமையத்தின் (மொத்தப் பாரமும் குவிவதாகக் கொள்ளும் புள்ளியின்) உயரம் 450 மி.மீ. என்று வைப்போம். ஆளோடு சேர்ந்த மொத்தப் பாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு முன்சில்லுகளில் விழுந்தால், 1200இன் பாதியை எடுத்து 600 × 0.67 ÷ 450: வண்டியின் பாரத்தில் ஏறத்தாழ 0.89 மடங்கு பக்கவிசை வரை கவிழாது. பாதிதான் முன்னால் என்றால் 0.67. காய்ந்த தார் வீதியில் ரயரின் பிடி 0.7, 0.8 அளவில் இருக்கும். முதல் வண்டி வழுக்கும். இரண்டாவது வழுக்கு முன்னமே ஒரு சில்லைத் தூக்கிவிடும். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் வருவதால், சீற்றை முன்சில்லுகளுக்குக் கிட்டத் தள்ள இடம்தரும் செசிதான் வேண்டும்.

ஏணிச் சட்டம் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. 50×50×2 மி.மீ. பொக்ஸ் பார் (உள்ளே வெற்றான சதுர இரும்பு) இரண்டு, குறுக்கே நாலைந்து. எந்தப் பட்டறையிலும் ஒட்டித் தருவார்கள். ஒரு தண்டு மீற்றருக்கு 3 கிலோ. தொய்வைத் தாங்கும், முறுக்கைத் தாங்காது. வளைவில் பின்சில்லின் பக்கவிசை தரை மட்டத்தில், செசிக்குக் கீழே இழுக்கிறது. அது செசியை முறுக்கும். எஞ்சினை ஒரு குறுக்குச் சட்டத்திலும் பின்சில்லைத் தாங்கும் ஸ்விங் ஆமை இன்னொன்றிலும் பூட்டியிருந்தால் செயின் ஓடும் இரண்டு ஸ்புரொக்கட்டும் ஒரே கோட்டில் நில்லாது, செயின் பல்லைத் தின்னும். ஆகவே எந்தச் செசியானாலும் மோட்டார் சைக்கிளின் எஞ்சின் கூட்டையும் ஸ்விங் ஆம் அச்சையும் பிரிக்காமல் ஒரே துண்டாக வெட்டி எடுங்கள்.

மெல்லிய பார்களை முக்கோணம் முக்கோணமாக ஒட்டும் முக்கோணப் பின்னல், கடதாசிக் கணக்கில் வெல்வது. 25×25, 16 கேஜ் (1.6 மி.மீ.) பார் மீற்றருக்கு 1.2 கிலோகூட வராது; 30 மீற்றர் போனாலும் 35 கிலோவைச் சுற்றித்தான். முன்சில்லுகளைத் தாங்கும் சஸ்பென்ஷன் கைகள் மூட்டில்தான் பிடிக்க வேண்டும். பாரின் நடுவில் பிடித்தால் பார் வளையும், பின்னலால் பயனில்லை. ஆள் ஏறி இறங்கும் திறப்பில் முக்கோணம் போட முடியாது, எனவே அங்கேதான் பலவீனம். ஆர்க் பிளான்டில் (குச்சி வெல்டிங் மெஷினில்) ஒட்டுவதென்றால் 2 மி.மீ. குச்சி, 45 முதல் 55 அம்பியர், ஒருமுறைக்கு 20 மி.மீ.க்கு மேல் ஓடக் கூடாது. கை கொஞ்சம் தாமதித்தால் ஓட்டை.

அந்த ஓட்டைதான் திருகோணமலையில் வில்லங்கம். உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் பொக்ஸ் பாரில் அடித்த கேற் ஒன்றைக் குனிந்து பாருங்கள். பெயின்ட் பளபளவென்று இருக்கும், கீழ் மூட்டில் மட்டும் சின்னக் குமிழி. ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கிவிடும். வெயிலில் பார் சூடேறிக் காற்றைத் தள்ளும், இரவில் ஆறும்போது ஊசித் துவாரத்தால் உப்பு ஈரத்தை உறிஞ்சும். 1.6 மி.மீ.யில் அரை மி.மீ. துரு தின்றால் கிட்டத்தட்ட மூன்றிலொரு பங்கு போயிற்று, 3 மி.மீ.யில் ஆறிலொன்றுதான். நாகம் பூசிய ஜி.ஐ. குழாய் எடுக்கலாமே என்றால், வெல்டிங் சூட்டில் மூட்டில் இருக்கும் நாகப்பூச்சு எரிந்துபோகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் வரும். பூச்சை முதலில் கிறைண்டரால் எடுத்தே ஒட்ட வேண்டும்.

ஆகவே இந்தக் கடற்கரைக்கு, ஆர்க் பிளான்டை நம்பிக் கட்டுபவருக்கு, நடுவே முதுகெலும்புபோல ஓடும் ஒற்றைத் தண்டுதான் சரி. 100×100×3 மி.மீ. பார் மீற்றருக்கு 9.1 கிலோ, 2 மீற்றருக்கு 18 கிலோ. ஏணியின் இரு தண்டுகளின் முறுக்கு விறைப்பைக் கூட்டினாலும் இது அதைப்போல ஆறு மடங்கு. மூட்டுகள் குறைவு, தடிப்பில் ஆர்க் நன்றாக ஓடும். சீற் தாங்க இரு பக்கமும் 40×40×2 கைகள் போட்டு, அடியில் 3 மி.மீ. தகட்டால் முக்கோணம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கை பிடிக்கும் இடத்தில் தண்டின் சுவர் வெடிக்கும். நட்டு போட்டுத் துளைக்கும் இடமெல்லாம் உள்ளே குழாய்த்துண்டு வைத்து ஒட்டுங்கள். வெறும் பாரில் நட்டை இறுக்கினால் சுவர் நசிந்து நட்டு தளரும். குறை என்றால், நடுவில் தண்டு வருவதால் ஆட்கள் இரு பக்கமும் பிரிந்து இருக்க வேண்டும்.

பின்சில்லு மோட்டார் சைக்கிளினுடையதானால் ஒன்றைக் கவனியுங்கள்: அது சாய்ந்து திரும்பச் செய்தது, பக்கவாட்டு இழுப்புக்கு அல்ல. கம்பிச் சில்லில் கம்பி தளரும், உருண்டை ரயரின் நடுக்கோடு மட்டும் தேயும்.

வெட்டு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி கேளுங்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் செசி இலக்கம் ஹாண்டில் கழுத்தில்தான் அடித்திருக்கும். பின்பாதியை மட்டும் எடுத்தால் அந்த இலக்கம் வெட்டிப்போட்ட துண்டோடு போய்விடும்.