மர கவுண்டர் டாப் போடுகிறவர்கள் கவனத்துக்கு: அடியில் பார்க்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்

திருச்சியில் மாடுலர் கிச்சன் வேலை எடுத்துச் செய்யும் ஒரு காண்ட்ராக்டர் எங்கள் வீட்டில் போட்டுக் கொடுத்த தேக்கு கவுண்டர் டாப், நீளவாக்கில் பிளந்துவிட்டது. ஆள் பெயரையோ கடைப் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். இதே வேலையை இதே முறையில் செய்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

அடுப்பும் சிங்க்கும் இருக்கும் பக்கம் கிரானைட். எதிர்ப்பக்கம் மாவு பிசைய, காய் நறுக்க, காலையில் உட்கார்ந்து காபி குடிக்க ஒரு மர மேடை. ஆறடி நீளம், இரண்டடி அகலம், 40 மி.மீ. கனம். “பர்மா தேக்கு, சூளையில் பதப்படுத்தியது” என்று வாயால் சொன்னார். வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷனில் “மர டாப் – 1” என்று மட்டும்தான் இருந்தது. கார்த்திகை மழையில் பலகை வந்து இறங்கியது, மறுநாளே கேபினெட் மேல் ஏற்றி முடுக்கிவிட்டார்கள். பாலிஷ் போட்டதும் பார்க்க அருமையாக இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

பங்குனி வெயில் ஏறியபோது ஒரு ராத்திரி சமையலறையில் ‘டப்’ என்று சத்தம். காலையில் பார்த்தால் முன் விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே, மரத்தின் ரேகை ஓடும் வாக்கிலேயே ஒரு வெடிப்பு. முதலில் நகம்தான் நுழைந்தது. சித்திரையில் ஏ.டி.எம். கார்டு தாராளமாக இறங்கியது. சீனியும் மாவும் அதற்குள் போக, எறும்பு அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டது. வெடிப்புக்கு இரண்டு பக்கமும் மரம் லேசாக மேலே தூக்கிக்கொண்டு, சப்பாத்திக் கட்டை ஆட ஆரம்பித்தது.

காண்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு, “சார், தேக்குன்னா அப்படித்தான். வெயிலுக்கு வாய் திறக்கும், மழைக்கு மூடிக்கும்” என்றார். அப்புறம் என் மனைவி பக்கம் திரும்பி, “மேடம் தண்ணி ஊத்திக் கழுவுறாங்க போல” என்றார். “அந்தப் பக்கம் குழாயே கிடையாதுங்க” என்றாள் அவள். மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்துவிட்டு, அதற்குத் தனியாகப் பணமும் வாங்கிக்கொண்டு போனார். அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இரண்டாவது வெடிப்பு வந்தது. அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

மண்ணச்சநல்லூரிலிருந்து ஒரு வயதான ஆசாரியை அழைத்து வந்தோம். அவர் மேலே பார்க்கவே இல்லை. இழுப்பறைகளைக் கழற்றச் சொல்லி, டார்ச்சோடு கேபினெட்டுக்குள் தலையை விட்டார். “தம்பி, இங்க வந்து பாருங்க. மூச்சு விட இடம் இல்லாம கட்டிப் போட்டிருக்காங்க” என்றார்.

உள்ளே குனிந்து பார்த்தேன். கேபினெட் மேல் முழு 18 மி.மீ. பிளைவுட். அதன் மேல் பசையை முழுக்கத் தடவி, பலகையை வைத்து, கீழிருந்து கருப்பு ஸ்க்ரூவை வரிசையாக ஏற்றியிருக்கிறார்கள். ஜிப்சம் போர்டுக்கு அடிக்கிற அதே ஸ்க்ரூ. முறுக்கென்று இருக்கும், இழுவை வந்தால் வளையாது, தலை தெறிக்கும். இரண்டு தலை தெறித்து இழுப்பறைக்குள்ளேயே கிடந்தன. பலகையின் இரண்டு முனையிலும் ரேகைக்குக் குறுக்காக ஒரு சட்டம், அதுவும் பசை போட்டு ஒட்டியது. அடிப்பக்கம் பாலிஷே இல்லை. அங்கங்கே வெளிறு தெரிந்தது. மேலே சாயம் போட்டு மறைத்தது கீழே அப்படியே இருக்கிறது. அதாவது வைரம் பாயாத மரம், பூச்சி முதலில் அரிக்கிற பாகம்.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய நகரவே நகராது. அகலவாக்கில்தான் ஈரத்துக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும். தேக்கு மற்ற மரங்களைவிட அடக்கமானது. ஆனாலும் இரண்டடி அகலப் பலகையின் ஈரப்பதம் நாலு சதவீதம் இறங்கினால், பலகை அறுத்த வாக்கைப் பொறுத்து, இரண்டரை முதல் நாலரை மி.மீ. வரை சுருங்கும். பிளைவுட்டோ குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய தகடு, அசையாது. இரண்டையும் பசை போட்டு ஒன்றாக்கினால் பலகை சுருங்க வழியில்லாமல் எங்கே பலவீனமோ அங்கே பிளக்கும். மழை நாளில் ஈரத்தோடு வந்த பலகையை மறுநாளே இறுக்கினால் கேட்கவே வேண்டாம். காண்ட்ராக்டர் சொன்ன “வெயிலுக்கு வாய் திறக்கும்” பாதி உண்மை. நகர இடம் விட்டிருந்தால் பலகை முழுசாகச் சுருங்கியிருக்கும், வாய் திறந்திருக்காது.

ஆசாரி செய்த வேலையைச் சொன்னால் சரியான முறை எது என்று புரியும். பசை பிடித்த பிளைவுட்டை உளியால் பிய்த்தெடுக்கவே ஒரு பகல் போனது. கேபினெட் மேல் முழு பிளைவுட் எதற்கு என்று கேட்டுவிட்டு, முன்னால் ஒரு பட்டை, பின்னால் ஒரு பட்டை மட்டும் வைத்தார். முனைச் சட்டங்களைக் கழற்றி எறிந்தார். பலகையை வெடிப்பு வழியாகவே அறுத்து, விளிம்பை இழைத்து, கிளாம்ப் போட்டு ஒட்டினார். பலகைக்குப் பலகை விளிம்பில் பசை வரலாம், பலகைக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் வரவே கூடாது என்றார். முன் பட்டையில் ஸ்க்ரூவுக்கு சாதாரண வட்டத் துளை. பின் பட்டையில் முன்பின்னாக 12 மி.மீ. நீளத்துக்கு நீள்துளை, நடுவில் வாஷரோடு ஸ்க்ரூ. பலகை முன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நகரும். பட்டை 18 மி.மீ., பலகை 40 மி.மீ., அதனால் 38 மி.மீ. ஸ்க்ரூ, 20 மி.மீ. மரத்துக்குள் போகும், மேலே குத்தி வராது. சுவரோரம் 6 மி.மீ. இடைவெளி விட்டு, அதை மறைக்கும் தேக்குச் சட்டத்தைச் சுவரில் மட்டும் அடித்தார். அடிப்பக்கத்துக்கும் மேலே போட்ட அதே பாலிஷ், அதே எண்ணிக்கைக் கோட்டிங். ஒரு பக்கம் மட்டும் பூசினால் ஈரம் ஒரு பக்கமாகவே ஏறி இறங்கி, பலகை குழிந்துகொள்ளுமாம். அறுத்து இழைத்ததில் அகலம் ஒரு அங்குலம் போய்விட்டது, பரவாயில்லை.

வேலைக்கு ஆள் பேசும்போது “டாப்பை கேபினெட்டில் எப்படிப் பிடிப்பீர்கள்?” என்று கேளுங்கள். “பசையும் ஸ்க்ரூவும் போட்டுட்டா அசையாது சார்” என்று பெருமையாகப் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். மரத்தின் பெயர், கனம், பதப்படுத்திய விவரம் பில்லில் எழுத்தாக வரட்டும். பலகையை அறைக்குள் ஒரு வாரமாவது கிடத்தி வைத்துவிட்டு ஏற்றச் சொல்லுங்கள். ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நம் ஊருக்குச் சரி. கடைசித் தவணை கொடுக்கும் முன் இழுப்பறையைக் கழற்றி அடியில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நான் மனுவோடு கொட்டேஷன், பணம் அனுப்பிய ரசீது, அடிப்பக்கப் போட்டோக்கள் எல்லாம் சேர்த்திருக்கிறேன். பிய்த்தெடுத்த பிளைவுட் துண்டையும், தெறித்த ஸ்க்ரூ தலைகளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்தக் காண்ட்ராக்டர் இப்போது எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறார். அந்த வீட்டுக்காரர்களிடம் போய்ச் சொன்னேன். நல்லவேளை, அங்கே டாப் கிரானைட்டாம்.