செயலி வழி மருத்துவக் காப்பீடு: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பெற்றோரையும் சேர்த்து நாங்கள் எடுத்திருக்கும் மருத்துவக் காப்பீட்டைச் சில ஆண்டுகளாகக் கைபேசிச் செயலி மூலமாகவே நடத்தி வருகிறேன். பிரீமியம் கட்டுவது, பில்களைப் பதிவேற்றுவது, கேஷ்லெஸ் (நாம் கட்டாமல், காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் தரும் முறை) அனுமதி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது ஆகிய எல்லாம் அதில்தான் நடக்கின்றன.

கிளைம், அதாவது காப்பீட்டுத் தொகை கோரும் நடைமுறையில் மாற்றம் உண்மையானது. முன்பு டிஸ்சார்ஜ் சுருக்கம், மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை என்று கட்டுக் கட்டாகக் கூரியரில் அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்ததா என்று தொலைபேசியில் விசாரிக்க வேண்டியிருந்தது. அப்பாவின் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க் விண்ணப்பத்தை அனுப்பியதும், அடுத்தடுத்த நிலைகள் எல்லாம் என் கைபேசிக்கே வந்தன. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜின்போது இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் பதில் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதச் சுற்றறிக்கையில் கூறியுள்ளது; அந்த மூன்று மணி நேரம் கடந்து மருத்துவமனை கூடுதல் கட்டணம் விதித்தால், அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். பில் கட்டும் கவுன்ட்டரில் நிற்கும் குடும்பத்துக்கு இதன் அருமை நன்கு தெரியும்.

ஆனால் 'இந்தச் சிகிச்சைக்குக் காப்பீடு உண்டா?' என்ற கேள்விக்குச் செயலி தரும் பதிலை நான் இன்னும் நம்புவதில்லை. அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டபோது, ரோபோ உதவியுடனும் செய்யலாம் என்று மருத்துவர் கூறினார். செயலியில் கேள்விகளுக்குத் தானாகப் பதில் தரும் சாட்பாட்டிடம் கேட்டதற்கு 'உண்டு' என்று மட்டும் பதில் வந்தது. எந்த விதியின்படி, எவ்வளவு தொகை வரை என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்ட பிறகே, ரோபோ அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீட்டுத் தொகையில் பாதி வரைதான் கிடைக்கும் என்று எழுத்தில் தெரிவித்தார்கள். ரோபோ அறுவை உள்ளிட்ட 12 நவீன சிகிச்சை முறைகளைப் பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது என்பது 2019-இல் வந்த விதி. எனினும் அவற்றுக்குச் சப்-லிமிட், அதாவது தனித் தொகை வரம்பு வைக்க அதே விதி இடம் தந்தது. ஆகவே 'உண்டு' என்பது பொய்யன்று. ஆனால் பல லட்சம் செலவாகும் முடிவை எடுக்க அது போதாது. வழக்கமான முறையே அம்மாவுக்குப் பொருந்தும் என்று மருத்துவர் உறுதியளித்ததால், வரம்பையும் தெரிந்துகொண்டு அந்த முறையையே தேர்ந்தெடுத்தோம்.

இந்தச் செயலியை மற்றவர்களுக்கும் பரிந்துரைப்பேன். ஆனால் கிளைம் வேலைகளுக்கு மட்டும். காத்திருப்புக் காலம் (பாலிசி தொடங்கிய பின் சில சிகிச்சைகளுக்குக் காப்பீடு கிடைக்காத காலம்), அறை வாடகை வரம்பு, நவீன சிகிச்சை போன்றவற்றை, பாலிசியுடன் தரப்படும் வாடிக்கையாளர் தகவல் தாளில் பார்த்துவிட்டு, ஐயம் இருந்தால் மருத்துவமனையில் சேர்வதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கிளைமை மறுக்கும்போது பாலிசியின் எந்த நிபந்தனையின்படி மறுக்கிறோம் என்று நிறுவனம் குறிப்பிட்டாக வேண்டும் என்பது அதே 2024 சுற்றறிக்கையின் கட்டளை. மறுப்புக்குத் தேவைப்படும் அந்த விதி எண்ணையும் தொகை வரம்பையும், வாடிக்கையாளர் முதலில் கேள்வி கேட்கும்போதே சாட்பாட் காட்ட வேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன்.