வாங்கின விலைக்கே வரும் டிக்கெட்டும் வரைபடத்தில் மட்டும் இருக்கும் நாற்காலியும்

சினிமா இசைக் கச்சேரி நுழைவாயிலில் டிக்கெட்டின் கியூஆர் கோடு ஸ்கேன் செய்யும் பையனுக்கும் அவன் கையில் இருக்கும் கருவிக்கும் உங்கள் முகம் தெரியாது. முதலில் வந்த கோடுக்குப் பச்சை. அதே கோடு இரண்டாவது முறை வந்தால் சிவப்பு, கூடவே ‘ஆல்ரெடி ஸ்கேன்டு’ என்று ஒரு வரி. அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் கொடுத்தீர்கள், திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்தீர்களா என்பதெல்லாம் அங்கே எடுபடாது. பின்னால் நிற்பவர் தோளை இடிப்பார், பவுன்சர் ஓரமாகப் போகச் சொல்வார்.

நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம், நேரு உள்விளையாட்டரங்கம், தீவுத்திடல், ஈசிஆர் ஓரத்துத் திடல்கள் என்று சென்னையில் எங்கே பெரிய சினிமா இசைக் கச்சேரி அறிவித்தாலும், ‘ரெண்டு டிக்கெட் கிடைக்குமா’ என்று யாராவது பொதுவெளியில் எழுதிய கொஞ்ச நேரத்தில் உள்பெட்டிக்கு ஆள் வந்துவிடுகிறது. பேச்சு கிட்டத்தட்ட மனப்பாடம் செய்ததுபோல இருக்கும். “ப்ரோ, ரெண்டு கோல்டு டிக்கெட் இருக்கு. அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, ஊருக்குப் போறேன். வாங்கின விலைக்கே தரேன், லாபம் எதுவும் வேணாம்.” கொஞ்சம் தயங்கினால், “இன்னும் ரெண்டு பேர் கேட்டுட்டே இருக்காங்க ப்ரோ. பாதி இப்ப போடுங்க, மீதி டிக்கெட் வந்தப்புறம் போதும்.” இந்தப் பாதிதான் அவருடைய முழு வசூல். மீதி வந்தால் போனஸ்.

நம்ப வைக்க அவர் அனுப்பும் சாட்சிகளைப் பாருங்கள். முதலில் டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட், கோடு மட்டும் மறைத்து. ஸ்கிரீன்ஷாட்டை நம்பவில்லை என்றால் டிக்கெட் செயலியைத் திறந்து காட்டும் ஸ்கிரீன் ரெக்கார்டிங். அதற்கும் மசியாவிட்டால் ஆதார் அட்டையின் படம். ஆதார் வந்ததும் பலர் இளகிவிடுகிறார்கள். அந்த அட்டை, இதற்கு முன் ஏமாந்த இன்னொருவர் ‘நம்பிக்கைக்காக’ அனுப்பியதாக இருக்கும். நீங்களும் உங்கள் ஆதாரை அனுப்பினால் அடுத்த ஆளுக்கு உங்கள் முகம்தான் போகும். பணம் போடும்போது யூபிஐ திரையில் வரும் பெயரும், டிக்கெட்டில் இருக்கும் பெயரும், ஆதாரில் இருக்கும் பெயரும் மூன்றாக இருந்தால் ‘தங்கச்சி அக்கவுண்ட், ஃப்ரெண்டு அக்கவுண்ட்’ என்று பதில் வரும். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆளைச் சோதிக்க ஒரு எளிய கேள்வி உண்டு: செக்அவுட்டில், அதாவது பணம் கட்டும் கடைசித் திரையில், மொத்தம் எவ்வளவு வந்தது? 2,500 ரூபாய் டிக்கெட்டுக்கு யாரும் சரியாக 2,500 கட்டியிருப்பது அபூர்வம். செயலியின் கன்வீனியன்ஸ் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று சில்லறை ஒட்டிக்கொள்ளும். இசை நிகழ்ச்சி டிக்கெட்டில் ஒருவருக்கு 500 ரூபாய் வரைதான் ஜிஎஸ்டி விலக்கு, அதற்கு மேல் வரி உண்டு. அதனால் விலையிலேயே வரி சேர்ந்திருக்கிறதா, தனியாகப் போட்டிருக்கிறதா என்பதும் உண்மையாக வாங்கியவருக்குத் தெரியும். அவர் மின்னஞ்சலைத் திறந்து பைசா வரை சொல்வார். மோசடிக்காரர் நுழைவுச்சீட்டில் அச்சாகியிருக்கும் எண்ணை மட்டும் சொல்வார், இல்லையென்றால் கோபப்படுவார்.

டிக்கெட் அசல்தான் என்றாலும் ஆபத்து தீர்வதில்லை. மூன்று வகையில் கால் வாரும். ஒரே பிடிஎஃப் ஐந்து பேருக்குப் போயிருக்கும். முதலில் வாசலுக்கு வந்தவர் உள்ளே, மற்ற நால்வர் வெளியே. இரண்டாவது, நான்கு டிக்கெட்டுக்கு ஒரே கோடு உள்ள புக்கிங். அதில் இரண்டை உங்களுக்கு விற்றிருப்பார். அவருடைய நண்பர்கள் முன்னால் போய் ஸ்கேன் செய்யும்போது கருவியில் ‘4’ என்று வரும், வாசலில் இருப்பவர் நான்கையும் ஏற்றுவிட்டால் உங்கள் பங்கும் அதோடு போச்சு. அவர் திட்டமிட்டு ஏமாற்றவில்லை என்றாலும் விளைவு ஒன்றுதான். மூன்றாவது பலர் யோசிக்காதது: நிகழ்ச்சி தேதி தள்ளிப்போய் ரீஃபண்ட் கேட்க அவகாசம் கொடுத்தபோது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கையில் இருக்கும் பழைய பிடிஎஃப்பை விற்பது. ரத்தான டிக்கெட்டின் பிடிஎஃப் பார்வைக்கு அப்படியே இருக்கும். செத்த கோடு என்பது ஸ்கேனருக்கு மட்டும்தான் தெரியும். தேதி மாறிய எந்த நிகழ்ச்சிக்கும் பழைய தேதி போட்ட பிடிஎஃப்பை இரண்டாம் கையில் வாங்காதீர்கள்.

வாங்கியே ஆகவேண்டும் என்றால் பாதுகாப்பான முறை, விற்பவர் வாசல் வரை கூடவே வந்து, அவர் போனில், அவர் செயலியில் ஸ்கேன் ஆகிப் பச்சை வந்த பிறகு பணம். செயலிக்குள்ளேயே பெயர் மாற்றிக் கொடுக்கும் வசதி அந்த நிகழ்ச்சிக்கு இருந்தால் அது இன்னும் மேல், டிக்கெட் உங்கள் எண்ணுக்கு வந்துவிடும். டிக்கெட்டுக்குப் பதில் மணிக்கட்டில் பட்டை கட்டிவிடும் ரிஸ்ட் பேண்டு முறை என்றால் கையில் ஏற்கெனவே கட்டிக் கழற்றிய பேண்டை வாங்காதீர்கள். துணிப் பேண்டின் பிளாஸ்டிக் கிளிப் ஒருபக்கம்தான் நகரும், கழற்றியது என்றால் எங்கோ நெம்பியிருப்பார்கள். வாசலில் முதலில் இழுத்துப் பார்ப்பதே அந்தக் கிளிப்பைத்தான். இன்னொன்று, அசல் டிக்கெட் கையில் கிடைத்த சந்தோஷத்தில் அதைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது. கோடு தெரிந்தால் போதும், உங்கள் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

இது தனி ஆள் செய்யும் மோசடி. நேர்மையாகச் செயலியில் வாங்கியவர்களும் வெளியே நிற்கும் கதை வேறு. 2023 செப்டம்பர் 10 அன்று ஈசிஆர் பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் நிகழ்ச்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆகஸ்ட் 12-க்கு அறிவித்து, மழையால் தள்ளிப்போய், பழைய டிக்கெட்டே செல்லும் என்று புதிய தேதியில் நடந்தது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய பலர் மைதானத்துக்குள்ளேயே நுழைய முடியவில்லை, நுழைந்தவர்கள் நெரிசலில் நசுங்கினார்கள், ஈசிஆர் அடைத்துக்கொண்டதில் முதலமைச்சரின் வாகனங்களும் சிக்கின. ரஹ்மானே டிக்கெட் நகலை அனுப்பச் சொல்லி எழுதும் நிலை வந்தது, ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அன்று அந்த அளவில் நடந்தது சிறிய அளவில் அடிக்கடி நடக்கிறது, செய்தியாவதில்லை, அவ்வளவுதான்.

ஏன் என்பதற்குப் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, கணக்குதான். டிக்கெட் ஸ்கேன், பை சோதனை, உடல் சோதனை எல்லாம் சேர்த்து ஒருவருக்குப் பத்து நொடி என்று தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசையில் மணிக்கு 360 பேர். பத்து வரிசை இருந்தால் 3,600. நான்கு மணிக்கு வாசல் திறந்து ஏழு மணிக்கு முதல் பாட்டு என்றால், அதற்குள் உள்ளே போயிருப்பது 10,800 பேர். இருபதாயிரம் பேருக்கு டிக்கெட் விற்றிருந்தால் மீதிப் பேர் சாலையில். உள்ளேயிருந்து டிரம்ஸ் சத்தம் கேட்டதும் வரிசை குலையும், வாசலில் இருப்பவர்கள் ஸ்கேன் செய்வதைக் கைவிட்டுக் கூட்டத்தை அப்படியே விடுவார்கள். அந்த நிமிடத்தோடு கோல்டு, சில்வர், பிளாட்டினம் எல்லாம் வெறும் நிறங்கள். பிரிவுகளுக்கு நடுவே இருப்பது துணி சுற்றிய இரும்பு பாரிகேடு, ஒன்றோடொன்று கொக்கி மாட்டியது. ஒரு கொக்கி விட்டால் போதும், 2,000 ரூபாய்க்காரரும் 10,000 ரூபாய்க்காரரும் ஒரே நாற்காலிக்கு அடித்துக்கொள்வார்கள். டிக்கெட் வாங்கும் முன் அறிவிப்பில் தேடவேண்டியது இதைத்தான்: எத்தனை வாசல், எந்தப் பிரிவுக்கு எந்த வாசல், ரிஸ்ட் பேண்டு உண்டா. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்புவரை வாசல் வரைபடமே வரவில்லை என்றால் சகுனம் சரியில்லை.

நாற்காலி வரைபடத்தையும் அப்படியே நம்பாதீர்கள். மேடையும் வண்ணப் பட்டைகளும் அழகாக இருக்கும், அடியில் பொடி எழுத்தில் ‘அளவுப்படி வரையப்பட்டதல்ல, மாற்றத்துக்கு உரியது’ என்று போட்டிருப்பார்கள். திறந்தவெளியில் பெரும்பாலும் நாற்காலிக்கு எண் கிடையாது. பிரிவுக்குள் முதலில் வந்தவருக்கு முதலிடம். விலை கொடுத்தவர் தாமதமாக வந்தால் பிரிவின் கடைசி வரிசை, அடுத்த பிரிவின் முதல் வரிசையைவிட ஒரு சாண்தான் முன்னால். வரைபடத்தில் வராத பொருள் இன்னொன்று உண்டு, ஒலிக்காரர் உட்கார்ந்து சத்தத்தைச் சரிசெய்யும் மிக்சிங் கன்சோல் கூடாரம். மைதானத்தின் நடுவே, மேடைக்கு நேரெதிரே, ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பிப் பின்பக்கம் கறுப்புத் துணி கட்டியிருப்பார்கள். அதற்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு மேடை கிடையாது, எல்இடி திரை மட்டும். ஆனால் சத்தம் சரியாக இருக்கும் இடமும் அந்தக் கூடாரத்தை ஒட்டிய இடம்தான், ஒலிக்காரர் தன் காதை வைத்து அமைப்பது அங்கிருந்துதானே. அதனால் கூடாரத்துக்கு முன்னால், கொஞ்சம் பக்கவாட்டில் கிடைக்கும் பிரிவு எதுவோ அதுதான் காசுக்கு நியாயம். மேடையை முட்டி நிற்கும் ஃபேன் பிட்டில் பாடகர் முகம் தெரியும், பாட்டு தெரியாது. சப்வூஃபர் என்னும் அடித்தொனி ஸ்பீக்கர் வயிற்றில் இடிக்கும், வார்த்தைகள் தலைக்கு மேலே பறந்துபோகும்.

பின்வரிசைக்காரருக்கு வேறு வேதனை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் திரையில் வாய் அசைந்து அரை நொடி கழித்துப் பாட்டு வரும். நடுவில் டிலே டவர், அதாவது ஒலியைக் கொஞ்சம் தாமதித்து விடும் ஸ்பீக்கர் கோபுரம், வைத்தால் பின்வரிசைக்கும் தெளிவாகக் கேட்கும், திரையையும் அதற்கேற்பத் தாமதிக்கலாம். செலவைச் சுருக்க முதலில் வெட்டப்படுவது அந்தக் கோபுரங்கள்தான். போனதும் நிமிர்ந்து பாருங்கள். மேடையின் இருபுறம் மட்டும் ஸ்பீக்கர் தொங்கி, மைதானம் நீளமாக இருந்தால் கடைசிப் பிரிவு டிக்கெட் வானொலி கேட்பதற்குச் சமம், அதுவும் எதிரொலியோடு.

நேரத்திலும் கை வைப்பார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. நள்ளிரவு வரை தளர்த்துவது அரசு அறிவிக்கும் சில விழா நாட்களுக்குத்தான். ஏழு மணிக்கு என்று போட்ட நிகழ்ச்சியில் எட்டேகால் வரை ஸ்பான்சர் பேச்சும் தொகுப்பாளரின் ‘சத்தம் பத்தல சென்னை’யும் ஓடினால், மூன்று மணி நேரக் கச்சேரி ஒன்றே முக்கால் மணியாகச் சுருங்கி, கடைசி நான்கு பாட்டு ஒரு மெட்லியாகிவிடும். பத்து மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியேறுவதால் கேப் கட்டணமும் ஏறும். நந்தனம் என்றால் மெட்ரோ கூப்பிடு தூரம்தான், தீவுத்திடலிலிருந்து அரசினர் தோட்டம் நிலையத்துக்கு நடக்கலாம். ஈசிஆரில் அந்த வசதி இல்லை. பார்க்கிங்குக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு எங்கோ ஒரு காலி மனையைக் காட்டும் வேலையும் அங்கேதான் அதிகம்.

போஸ்டரையும் நிதானமாகப் படியுங்கள். இசையமைப்பாளரின் முகம் பாதிப் போஸ்டர், மூலையில் சின்னதாக ‘ட்ரிப்யூட்’ அல்லது ‘பாடல்களின் இரவு’. அவர் வரமாட்டார், ஒரு ஆர்கெஸ்ட்ரா அவர் பாட்டை வாசிக்கும். நல்ல ஆர்கெஸ்ட்ரா என்றால் அதுவே அருமையான மாலைதான், ஆனால் 300 ரூபாய்க்கு. 3,000 ரூபாய்க்கு அல்ல. மார்கழியில் இதற்கு ஒரு குட்டித் தம்பி உண்டு: பெரும்பாலான சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம், அதற்கும் ‘பாஸ் வாங்கித் தரேன்’ என்று வெளியூர்க்காரர்களிடமும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடமும் காசு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மாலைக் கச்சேரிக்கு சபா கவுன்ட்டரோ அதன் இணையதளமோ போதும்.

காசு போனபின் என்ன செய்வது என்பது யார் ஏமாற்றினார் என்பதைப் பொறுத்தது. தனி ஆளிடம் யூபிஐயில் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, அல்லது சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன். 12 இலக்கப் பரிவர்த்தனை எண், அவர் எண், பேச்சின் ஸ்கிரீன்ஷாட் தயாராக இருக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்கினால்தான் உண்டு, மறுநாள் காலை என்பது தாமதம். அவரைத் திட்டி எழுதி உஷார்ப்படுத்தாதீர்கள், பேச்சை அழித்துவிட்டு ஓடிவிடுவார்.

ஏற்பாட்டாளர் தவறு என்றால் அவசரம் இல்லை, ஆவணம் வேண்டும். வாங்கும்போதே நிபந்தனைப் பக்கத்தையும் நாற்காலி வரைபடத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு அவை மாறிவிடும். வாசலில் தடுக்கப்பட்டால் வரிசையும் நேரமும் தெரிய ஒரு நிமிட வீடியோ, மூடிய கதவு, கையில் டிக்கெட். அன்றிரவே செயலிக்கும் ஏற்பாட்டாளருக்கும் ஒரே மின்னஞ்சல். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் மதிப்பு வரை மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும், வக்கீல் கட்டாயமில்லை.

புகாரைப் பொதுவெளியில் எழுதும்போது போன் எண்ணையும் புக்கிங் ஐடியையும் மறைத்துவிடுங்கள். அவற்றைப் பார்த்து ‘ரீஃபண்ட் டீம்லேர்ந்து பேசறோம் சார்’ என்று அடுத்த ஆள் வருவார். உங்கள் பெயர், பிரிவு, தேதி எல்லாம் சரியாகச் சொல்வார், நீங்கள் எழுதியதுதானே. ஒரு கியூஆரை அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வரும் என்பார். பணம் வருவதற்கு யூபிஐ ஒருபோதும் பின் கேட்காது. துண்டித்துவிட்டு, டிக்கெட் வாங்கிய செயலிக்குள் அந்தப் புக்கிங்கைத் திறந்து ரீஃபண்ட் நிலை என்ன என்று பாருங்கள். கன்வீனியன்ஸ் கட்டணமும் சேர்ந்து திரும்புகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.