நுண்குழாய் விட்டம்: தமனிக்கு ஒரு முறை, நிணநீர் நாளத்துக்கு இன்னொன்றா?

இரண்டு கண்ணாடிக் கேனுலாக்களுக்கு (மெல்லிய செருகு குழல்களுக்கு) இடையே கட்டி, அழுத்தம் ஏற்றி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்த 100 மைக்ரான் (0.1 மி.மீ.) குழாய், தமனியோ நிணநீர் நாளமோ. அதன் விட்டத்தைக் கணினியே தொடர்ந்து அளக்க இன்று பல வழிகள் இருக்கின்றன. எந்த வழியும் எல்லாக் குழாய்க்கும் பொருந்தாது. சுவர் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, குழாய் எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்ற இரண்டையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பிழை சிறிதுதானே என்று விட்டுவிடவும் முடியாது. ஓட்டத் தடை ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. விட்டத்தை 5% கூட்டி அளந்தால் கணக்கில் வரும் தடை ஏறக்குறைய 18% குறைந்துவிடும்.

பழைய வழி முதலில். 1973-இல் இன்டாக்லியெட்டாவும் டாம்ப்கின்ஸும் விவரித்த முறையில் வீடியோ படத்தை இரண்டாகப் பிரித்து நகர்த்துவார்கள். ஒரு சுவரின் விளிம்பு எதிர்ச்சுவரின் விளிம்பைத் தொடும்வரை ஆள் குமிழைத் திருக வேண்டும். நகர்ந்த தூரமே விட்டம். 1984-இல் ஹால்பெர்ன், ஓசோல் குழு அழுத்தமேற்றிய தமனிகளுக்கு வீடியோ அமைப்பை விவரித்தது. அந்த வழியில் வந்த விட்ட அளவிக் கருவிகள், தேர்ந்த ஒரு வீடியோ வரியில் வெளிச்சம் குறிப்பிட்ட வரம்பைக் கடக்கும் இடத்தைச் சுவர் என்று எடுத்துக்கொண்டு மின்னழுத்தமாக வெளியே தரும். தாமதம் இல்லை, பழுதும் குறைவு. ஆனால் விளக்கின் பிரகாசம் மெல்லக் குறைந்தால் வரம்பைக் கடக்கும் இடமும் நகரும், குழாய் அசையாமலே விட்டம் மாறியதுபோல் பதிவாகும். படத்தைச் சேமிக்காமல் அந்த அளவை மட்டும் சேமித்திருந்தால் பிறகு திருத்த வழியே இல்லை.

அடுத்தது மென்பொருள் விளிம்புத் தேடல். ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தார் 2019-இல் வெளியிட்ட வாசோட்ராக்கர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பைத்தானில் எழுதப்பட்டது, இலவசம். குழாய்க்குக் குறுக்கே பல கோடுகள் போட்டு, ஒவ்வொன்றின் வெளிச்சச் சரிவையும் மென்மையாக்கி, சரிவு மிகச் செங்குத்தான இடத்தை விளிம்பாக எடுக்கும். வரம்பு எண் கிடையாது என்பதால் விளக்கு மங்கினாலும் பெரிய பாதிப்பில்லை. ஒரு கோடு தூசியில் மாட்டினால் மற்றவற்றோடு ஒப்பிட்டு அதைத் தள்ளிவிடலாம். எலியின் குடல்தாங்கித் தமனி போலத் தடித்த சுவருள்ள குழாய்க்கு இதையே பரிந்துரைப்பேன். உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டும் கிடைக்கும். கடைசியில் கால்சியம் இல்லாத, மிச்சக் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும் இஜிடிஏ சேர்த்த கரைசலில் தளர்ந்த விட்டத்தையும் எடுத்துவிட்டால் சுருக்கத்தின் அளவைச் சதவீதமாகச் சொல்லலாம்.

இதே மென்பொருளை நிணநீர் நாளத்தில் ஓட்டினால் தடுமாறும். சுவர் சில மைக்ரான்தான். 10 மடங்கு லென்ஸில் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒன்றாகிவிடும். வால்வுக்கு மேல் விழுந்த கோடு வால்வு இதழையே சுவராக எடுத்துக்கொள்ளும். கோடுகளை வால்வுக்கு அப்பால் தள்ளிப் போட வேண்டும். எல்லாவற்றையும்விடச் சிக்கல் வேகம். தமனி நிமிடக்கணக்கில் சுருங்கினால், நிணநீர் நாளம் தானாகவே நிமிடத்துக்குப் பல முறை துடிக்கும். ஒரு சுருக்கம் ஒரு நொடி அளவில் முடிந்துவிடும். தளர்ந்த விட்டம் 120, சுருங்கிய விட்டம் 80 மைக்ரான் என்றால், ஒரு துடிப்பில் எவ்வளவு பங்கு திரவம் வெளியேறுகிறது என்று காட்டும் வெளியேற்ற விகிதம் (120² − 80²) ÷ 120², அதாவது 56%. நொடிக்கு ஒரு பிரேம் எடுத்து அடிமட்டத்தைத் தவறவிட்டு 88 என்று பதிவானால் 46%. மருந்து வேலை செய்தது என்று எழுத இந்த வித்தியாசமே போதும். நொடிக்கு 10 பிரேம் குறைந்தபட்சம், 30 நல்லது. மென்பொருளில் நகரும் சராசரி இயங்கினால் அதை அணைத்துவிடுங்கள். அதுவும் சுருக்கத்தின் அடிமட்டத்தை வெட்டிவிடும்.

நிணநீர் நாளத்துக்கு நம்பகமான துணை, இமேஜ்ஜே என்ற பட ஆய்வு மென்பொருளில் கிடைக்கும் ரீஸ்லைஸ் கட்டளை. குழாய்க்குக் குறுக்கே ஒரு கோடு வரைந்து வீடியோ முழுவதையும் அந்தக் கோட்டில் வெட்டினால், நேரம் ஓர் அச்சிலும் சுவர்கள் மற்றோர் அச்சிலும் ஒரே படமாக வரும். தானியங்கி எங்கே சுவரை விட்டுத் தாவியது என்பது கண்ணுக்கே தெரியும்.

உயிருள்ள விலங்கில், ஒளிரும் டெக்ஸ்ட்ரானை (சாயம் இணைத்த பெரிய சர்க்கரை மூலக்கூறை) குழாய்க்குள் செலுத்தி அளப்பது வேறு கதை. உச்ச ஒளிர்வின் பாதியைத் தொடும் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்தையே விட்டம் என்று பல மென்பொருள்கள் தருகின்றன. சாதாரண ஒளிர்வு நுண்ணோக்கியில் இது தவறும். சாயம் நிறைந்த உருளையில் நடுவில் ஆழம் அதிகம், ஓரத்தில் குறைவு. ஒளிர்வு ஆழத்தைப் பின்தொடர்வதால் பாதி உயரம் ஆரத்தின் 0.866 பங்கிலேயே வந்துவிடும். 120 மைக்ரான் குழாய் 104 ஆகத் தெரியும். சதவீத மாற்றம் மட்டும் போதுமென்றால் பெரிதாகப் பாதிக்காது. மைக்ரானில் எழுதினால் தப்பு. இரு ஃபோட்டான் நுண்ணோக்கியில் மெல்லிய தளம் மட்டுமே ஒளிர்வதால் இந்தக் குறை இல்லை, தளம் குழாயின் நடுவில் ஓட வேண்டும், அவ்வளவுதான். தூண்டும் ஒளியை நீண்ட நேரம் பாய்ச்சினால் சாயமே அகச்சுவரைப் புண்ணாக்கி இரத்தத்தட்டுகளை ஒட்டவைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆள் சுவரை வரைந்து காட்டிய படங்களிலிருந்து கற்கும் யூ-நெட் போன்ற ஆழ்கற்றல் வழிகள், கிளை பிரியும் வலைப்பின்னலுக்குப் பொருந்தும். ஒற்றைக் குழாய்க்கு அது வீண் செலவு. பயிற்சிப் படத்தில் ஆள் சுவரை இரண்டு பிக்சல் வெளியே வரைந்திருந்தால் கணினியும் அப்படியே வரையும்.

எதைத் தேர்ந்தாலும் சில தவறுகள் எல்லாவற்றுக்கும் பொது. குழாய் 15 டிகிரி சாய்ந்திருக்க, கோட்டை நேராகப் போட்டால் விட்டம் 3.5% கூடிவிடும். அழுத்தம் ஏற்றும்போது குழாய் நீண்டு வளைந்தால் ஃபோகஸ் விலகும். விளிம்பை ஒட்டிய வெண்கோடு கருங்கோடாக மாறினால் அதுதான் அடையாளம். கேனுலாவைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து நிமிர்த்துங்கள். அளவுகோல் ஸ்லைடைக் கேமராவின் இரு அச்சிலும் எடுங்கள். திரையில் 0.1 மைக்ரான் வரை எண் ஓடும், ஆனால் 0.25 துளை எண் (ஒளியை வாங்கும் கோணத்தின் அளவு) கொண்ட லென்ஸ், பச்சை ஒளியில் பிரித்துக் காட்டுவது ஏறத்தாழ 1.3 மைக்ரான்தான். அந்த தசம இலக்கம் ஒரே குழாயின் மாற்றத்தைப் பின்தொடர உதவும், இரண்டு ஆய்வகங்களின் உள்விட்டங்களை ஒப்பிட உதவாது.